விடியற்காலை மூன்று மணி ஊசி

கேள்வி: எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அம்மாவுக்கு 54 வயது, 11 வருஷமாகச் சுகர். துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து மஞ்சக்குப்பம் பக்கம் கடை போடுகிறார். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து 18 யூனிட் இன்சுலின் ஊசியும் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சேர்ந்த மாத்திரையும் போட்டுக்கொண்டு, ஒரு டீயோடு கிளம்பிவிடுவார். ஒன்பதரைக்கு நான் டிபன் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு மணிக்கு வீட்டுக்கு வருவார். ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடு, அதற்கு முன் 12 யூனிட். ஐந்து மாதமாக இந்த 30/70 ஊசி. இரண்டு முறை காலை 6 மணி வாக்கில் ஏலக் கூடத்தில் வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து காலை ஊசியைப் பாதி நாள் போடுவதில்லை. போன மாதம் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் 212, சாப்பிட்டபின் 296, ஹெச்பிஏ1சி 9.4. வயிற்றில் ஊசி போடும் இடத்தில் கட்டி மாதிரி தடித்திருக்கிறது. கால் மரத்துப்போய்விட்டது, மீன் முள் குத்தியதே தெரியாமல், பாயில் ரத்தம் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஆஸ்பத்திரியில் ‘ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை’ என்று திட்டுகிறார்கள். அம்மாவை எப்படிக் கடைப்பிடிக்க வைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மா சொன்னதைக் கடைப்பிடித்ததால்தான் ஏலக் கூடத்தில் உட்கார்ந்தார். ‘காலையில் 18, ராத்திரி 12’ என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவருக்குக் காலை என்றால் ஏழு, எட்டு மணி, ஊசி போட்டு அரை மணியில் இட்லி. அம்மாவின் காலை மூன்று மணிக்கே தொடங்கிவிடுகிறது, இட்லியோ ஒன்பதரைக்குத்தான் வருகிறது. நடுவில் உள்ள ஆறரை மணி நேரம் அந்தச் சீட்டில் இல்லை. ஆகவே முதலில் அம்மாவை அடம்பிடிப்பவர் என்று நினைப்பதை விடுங்கள். ஊசியை நிறுத்தியது தவறுதான். ஆனால் மயங்கி விழுந்துவிடுவோமோ என்று பயந்தவர் வேறு என்ன செய்வார்?

அந்த ஆறு மணி நடுக்கத்தின் கணக்கைப் பார்ப்போம். 30/70 என்று குப்பியில் எழுதியிருக்கும் இன்சுலினில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது, 70 பங்கு மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்வது. சீக்கிர வகை ஊசி போட்ட அரை மணியில் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். மூன்று மணிக்குப் போட்டால் உச்சம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள். மெதுவான வகைக்கு உச்சம் நான்கிலிருந்து பத்து மணி நேரம் வரை. முந்தின ராத்திரி எட்டு மணிக்குப் போட்ட ஊசியில் இருக்கும் அந்தப் பங்கு நள்ளிரவிலிருந்து விடியும்வரை வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் மேலேயே மூன்று மணி ஊசி விழுகிறது, கூடவே கிளிமிபிரைடும் சேர்கிறது. அதுவும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. மூன்றும் ஒன்றாக இழுக்க, வயிற்றில் ஒரு டீ மட்டும். கூடை தூக்கி நடக்கும் உழைப்பு வேறு ரத்தச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. ஆறு மணிக்கு வேர்க்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் ரிப்போர்ட்டில் 212 ஏன் என்று கேட்பீர்கள். பரிசோதனைக்குப் போன அன்று அம்மா வேலைக்குப் போயிருக்க மாட்டார், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவேண்டும் என்று ஊசியும் போட்டிருக்க மாட்டார். அந்தத் தாள் காட்டுவது லீவு நாளின் சர்க்கரை. ஹெச்பிஏ1சி 9.4 என்பது மூன்று மாதச் சராசரி, ஏறக்குறைய 220 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடாத பாதி நாட்களின் ஏற்றம் அதில் இருக்கிறது. ஏலக் கூடத்துத் தாழ்வு மட்டும் எந்தத் தாளிலும் பதிவாகவில்லை. இந்த நிலையில் ‘9.4 இருக்கிறதே’ என்று யாராவது யூனிட்டை மட்டும் கூட்டிக் கொடுத்தால், அம்மா அதை மூன்று மணிக்கே போட்டுக்கொண்டால், அடுத்த முறை உட்காரமாட்டார், விழுந்துவிடுவார். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது: காலை ஊசியை ஒன்பது மணிக்கு நகர்த்துவது. அதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. தினமும் டிபன் எடுத்துப் போகிறீர்கள் அல்லவா, ஊசியும் மாத்திரையும் அந்தப் பையிலேயே போகட்டும். ஒன்பது மணிக்கு ஊசி, ஒன்பதரைக்கு இட்லி. அம்மாவின் குப்பி வழக்கமான 30/70 என்பதால் இந்த அரை மணி இடைவெளி வேண்டும் (சாப்பிட உட்காரும்போதே போடும் வகைகளும் உண்டு, குப்பி மாறினால் கேட்டுக்கொள்ளுங்கள்). ராத்திரி ஊசி எட்டு மணி. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் விழுவதுதான் இந்த ஊசிக்கு ஏற்றது. மாத்திரையும் மூன்று மணியிலிருந்து ஒன்பதரைக்கு வரவேண்டும். கிளிமிபிரைடு முதல் முழுச் சாப்பாட்டோடு போடும் மாத்திரை.

இதை டாக்டரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டபின் மாற்றுங்கள். ஊசியோடு கிளிமிபிரைடும் தொடரத்தான் வேண்டுமா என்றும் கேளுங்கள். கலப்பு இன்சுலின் தொடங்கியபின் அதைக் குறைப்பதோ நிறுத்துவதோ பலருக்கு நடப்பதுதான். டாக்டரைப் பார்க்கும்வரை ஒரே ஒரு விதி: எதிரில் சாப்பாடு இல்லாமல் ஊசி இல்லை.

கடையில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் அந்த அரை மணி. ஊசி போட்டாயிற்று, டிபன் டப்பா மூடியிருக்கிறது, நாலு பேர் வஞ்சிரம் கேட்டு வந்து நிற்கிறார்கள் என்றால் அம்மாவின் கை மீன் வெட்டுவதை விடாது. அதனால் அம்மா முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபின் நீங்கள் கிளம்புங்கள். முடியாத நாளில் பக்கத்துக் கடை அக்காவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்று மணிக்கு வெறும் டீயோடு போவதும் நிற்கவேண்டும். ராத்திரி ஊசி விடியும்வரை வேலை செய்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் கொஞ்சம் தீனி வேண்டும். மூன்று மணிக்கு யார் இட்லி அவிப்பது? பழைய சோறு அரைக் கப், பிழிந்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம், முந்தின நாள் குழம்பில் ஒரு துண்டு மீன். இதற்குத் தனியாக ஊசி வேண்டாம். குளுக்கோமீட்டர் இருந்தால், வேலை நாட்களில் மூன்று நாள், மூன்று மணிக்கே ஒரு சொட்டு பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் முதலில் குளுக்கோஸ், பிறகுதான் மற்றது. 70க்கும் 100க்கும் நடுவே இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், ஆனால் அந்த எண்ணை டாக்டரிடம் காட்டுங்கள், ராத்திரி யூனிட் கூடுதலாக இருக்கலாம். 200க்கு மேல் இருந்தால் சோறு வேண்டாம், மோரும் மீனும் போதும்.

இனி அந்த நடுக்கம் வந்தால். 70க்குக் கீழே போனால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல் வரும். மீட்டர் கையில் இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம், தாழ்வு என்றே எடுத்துக்கொள்ளலாம். உடனே வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ்: தட்டையாக மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், அரை டம்ளர் தண்ணீரில். இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. கடை டீயை நம்பவேண்டாம்; அதில் இருப்பது ஒன்றரை, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஆறும்வரை ஊதிக் குடிப்பதற்குள் நேரம் போய்விடும். சாக்லேட், பால்கோவா இவற்றில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். 15 நிமிஷம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்தபின் இரண்டு இட்லியோ நாலைந்து பிஸ்கட்டோ சாப்பிட்டால்தான் திரும்பவும் இறங்காது. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108.

மாத்திரைப் பட்டையை ஒரு தரம் படியுங்கள். வோக்லிபோஸ் என்ற பெயரும் சேர்ந்திருந்தால் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, ஏனென்றால் சர்க்கரையைக் குடலில் உடைப்பதையே அந்த மருந்து தடுக்கிறது. அப்போது குளுக்கோஸ்தான் வேண்டும். எப்படியானாலும் குளுக்கோஸ் வாங்குவதே நல்லது. 15 கிராம் வீதம் மூன்று சின்னப் பொட்டலம் கட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அம்மா இடுப்பில் செருகும் சுருக்குப்பையில் வைத்துவிடுங்கள். பணம் எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும், மறக்காது. பக்கத்தில் கடை போடுபவர்களிடம், ‘அம்மா வேர்த்துக் குழறினால் இதைக் கரைத்துக் கொடுங்கள்’ என்று சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் அம்மாவுக்கே யோசனை ஓடாது.

அடுத்து, வயிற்றுக் கட்டி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துப் போகிறது. அங்கே குத்தினால் வலி குறைவு, அதனாலேயே கை அங்கேயே போகும். ஆனால் அந்தத் தடிப்பிலிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. ஒரு நாள் பாதி ஏறும், ஒரு நாள் தாமதமாக மொத்தமாக ஏறும். ஊசி போட்டும் சர்க்கரை கன்னாபின்னா என்று ஆடுவதற்கு இது பெரிய காரணம். குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரலை வழுக்கித் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத தடிப்பும் அகப்படும். எல்லையைப் பேனாவால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் ஊசி கூடவே கூடாது, அது மெத்தென்று ஆகும்வரை, பல மாதம் ஆனாலும் சரி.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நல்ல தோலுக்கு மாறிய உடனே அதே 18 யூனிட் முழு வேகத்தில் வேலை செய்யும், சர்க்கரை தடாலென்று இறங்கலாம். அதனால் இடம் மாற்றுவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, யூனிட்டைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். முதல் ஒரு வாரம் கூடுதலாகச் சோதித்துப் பாருங்கள். நேரம் மாற்றுவதும் இடம் மாற்றுவதும் ஒரே நாளில் வேண்டாம். நேரம் முதலில், ஒரு வாரம் கழித்து இடம்.

வயிற்றைத் தொப்புள் நடுவாக நாலு பாகமாக்கி, வாரத்துக்கு ஒரு பாகம். தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டுவிடவேண்டும். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் ஒரு விரற்கடை இடைவெளி. தொடையின் மேல் வெளிப்பக்கமும் ஆகும், ஆனால் நிறைய நடக்கப்போகும் நேரத்தில் தொடை வேண்டாம், ஓடும் காலிலிருந்து இன்சுலின் வேகமாக ஏறிவிடும். ராத்திரி ஊசிக்குத் தொடையை வைத்துக்கொள்ளலாம்.

போடும் விதம். மீன் வாசனை போகச் சோப்புப் போட்டுக் கை கழுவி உலர்த்தவேண்டும். 30/70 குப்பியில் மெதுவான பங்கு அடியில் படிந்து கிடக்கும். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகக் கவிழ்த்து, முழுவதும் பால் போல ஒரே நிறமாக வந்தபின் எடுக்கவேண்டும். குலுக்கினால் நுரை வந்து அளவு தவறும். உருட்டாமல் எடுத்தால் ஒரு நாள் தெளிந்த பங்கு அதிகமாகவும், இன்னொரு நாள் கலங்கிய பங்கு அதிகமாகவும் வரும். உருட்டியும் கட்டி கட்டியாக நின்றாலோ குப்பிச் சுவரில் உறைபனி போல ஒட்டினாலோ அந்தக் குப்பி கெட்டுவிட்டது. 18 கோட்டளவு காற்றை முதலில் குப்பிக்குள் செலுத்தி, தலைகீழாக்கி 18 உறிஞ்சி, குமிழியைச் சுண்டி வெளியேற்றி, தோலை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து, நேராகக் குத்தி, மெதுவாக அழுத்தி, பத்து எண்ணி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஒரு ஊசி ஒரு முறைக்குத்தான். திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் முனை மழுங்கி வலிப்பதோடு தடிப்புக்கும் காரணமாகும்.

குப்பியில் ‘40’ என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், ‘100’ என்றிருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். குப்பி தீர்ந்துபோனதென்று யாராவது பேனா ஊசியின் மருந்தை (அது ‘100’ வகை) வாங்கிவந்து, அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் 18 கோடு 45 யூனிட் ஆகிவிடும். உயிருக்கே ஆபத்து. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

மீன்காரர் வீட்டுக்கென்றே ஒரு எச்சரிக்கை: இன்சுலின் குப்பியை மீன் ஐஸ்பெட்டியில் வைக்கக்கூடாது. ‘குளிர்ச்சியில் வை’ என்று சொன்னதைக் கேட்டு ஐஸ்மேல் வைத்துவிடத் தோன்றும். ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. உப்புப் பட்ட ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிரும் என்பது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே. பிரிக்காத குப்பி பிரிட்ஜில், ஃப்ரீசரை ஒட்டாத தட்டில், 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். பிரித்த குப்பிக்குப் பிரித்த தேதியைப் பேனாவால் எழுதி, நாலு வாரத்தில் முடித்துவிடுங்கள். கடைக்கு எடுத்துவரும்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரத் துணி சுற்றி, டிபன் சூடு படாமல் தனியாக வையுங்கள். வீட்டில் கரண்ட் போனால் மண்பானைத் தண்ணீரில், நீர் புகாத டப்பாவுக்குள் மிதக்கவிடலாம். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப்பின் நம் பக்கம் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஐப்பசி பிறந்தாலே இரண்டு வாரத்துக்கான ஊசி, மாத்திரை, குளுக்கோஸ், மருத்துவச் சீட்டு எல்லாம் ஒரே டப்பாவில் தயாராக இருக்கட்டும்.

இப்போது கால். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பாயில் கண்ட ரத்தம். மரத்த கால் காவல்காரன் இல்லாத வீடு. முள், சிப்பி, ஆணி எது நுழைந்தாலும் குரல் வராது. அதிலும் கடல் நீரிலும் மீனிலும் விப்ரியோ என்று ஒரு வகைக் கிருமி உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சின்னக் கீறல் வழியாக நுழைந்தால் சில மணி நேரத்திலேயே பரவக்கூடியது. காயத்தைச் சுற்றிச் சிவப்பு விரிந்தாலோ, கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பது கிடையாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்த முள் காயம் முழுக்க ஆறிவிட்டதா, டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

தினமும் கால் பார்க்கத் தனியாக நேரம் தேட வேண்டாம். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் மீன் வாசனை போக அம்மா குளிப்பார். குளித்ததும் வெளிச்சத்தில் உட்காரவைத்து மூன்று நிமிஷம். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். கறை பட்டால் துணியே காட்டிக்கொடுக்கும். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்து ஈரம் போகத் துடைக்கவேண்டும். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நிற்கும் காலுக்குச் சேற்றுப்புண் வரும், அந்த வெடிப்புதான் கிருமிக்கு வாசல். வெள்ளையாக ஊறியிருந்தால் பூஞ்சை மருந்து கேட்டு வாங்குங்கள். குதிகாலுக்கும் பாதத்தின் மேலும் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. இரண்டு காலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக வீங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். காலை ஊன்றாமல் அழைத்துப் போங்கள்.

நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தில் குடைய வேண்டாம். ஆணிக்காலை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரி ஒட்டுவதும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும், மரத்த காலுக்கு அது தெரியாது. கால் வலிக்கிறதென்று வெந்நீரில் முக்குவது அதைவிட மோசம். குளிக்கும் வெந்நீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்தே ஊற்றவேண்டும். காயத்தில் மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரும் சோப்பும், மேலே கட்டுத்துணி. இரண்டு நாளில் ஆறும் வழி தெரியாவிட்டால் காட்டிவிடுங்கள்.

துறைமுகத்தில் வெறும் ரப்பர் செருப்பு பத்தாது, முள் அதைத் துளைத்துக்கொண்டு வரும். முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ், உள்ளே பருத்திக் காலுறை. கடைக்கு வந்து உட்கார்ந்ததும் பூட்ஸைக் கழற்றி, காலை உலர்த்தி, பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு. பின்வார் முக்கியம், மரத்த காலிலிருந்து செருப்பு நழுவினால்கூடத் தெரியாது. எதை மாட்டினாலும் முதலில் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவவேண்டும். வாங்கும்போது சாயங்காலம் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும். பாடலீஸ்வரர் கோயிலுக்கோ திருவந்திபுரத்துக்கோ போனால் வெயில் ஏறுவதற்குள் போய்வாருங்கள். பகல் கல்தரையில் மரத்த பாதம் கொப்பளிக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நடுத்தர இட்லியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து, ஒரு கப் சோற்றில் சுமார் 45. எந்த வேளைக்கு எவ்வளவு என்று முடிவு செய்து, அது தினமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் ஒரே அளவு ஊசி பொருந்தும். மத்தியானம் முதலில் காயும் மீனும், பிறகு சோறு. மீன் நல்லது, சங்கராவோ மத்தியோ குழம்பாக வைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் இருந்தால் குறைக்கவேண்டும். கஞ்சி, கூழ் என்று கரைத்துக் குடித்தால், அது கேழ்வரகே ஆனாலும், சர்க்கரை வேகமாக ஏறும்.

ஆனால் இதை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். அம்மாவின் ஒரு வருஷம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏலம் சுருங்கும், நடை குறையும், கூடை தூக்குவது நிற்கும். சரியாக அதே மாதங்களில் பண்ருட்டிப் பலா வந்து குவியும், மாம்பழமும் சேரும். வேலை நாளுக்குப் பொருந்திய ஊசி அந்த நாட்களில் போதாமல் போகும். தடை முடிந்து ஜூன் 15க்குப் பிறகு உழைப்பு திடீரென்று கூடும்போது அதே ஊசி அதிகமாகும், அந்த வாரத்தில் தாழ்வு வரலாம். புரட்டாசியில் வியாபாரம் படுப்பதும் இப்படித்தான். ஆகவே தடைக்காலம் தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது ஒரு முறை டாக்டரைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலா வேண்டாம் என்று சொல்லமாட்டேன், மூன்று சுளை, அந்த வேளைச் சோற்றில் பாதியைக் குறைத்துக்கொண்டு. பலா தின்ற விரலைக் கழுவாமல் குத்திப் பார்த்தால் மீட்டர் பொய் சொல்லும், விரலில் ஒட்டிய இனிப்பையும் சேர்த்துக் காட்டும்.

குளுக்கோமீட்டர் பட்டை விலை அதிகம், தினமும் பார்க்க வேண்டாம். எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அந்த நேரத்தில் மட்டும் பாருங்கள். முதல் வாரம், வேலை நாட்களில் மூன்று நாள்: மூன்று மணிக்கும், ஒன்பது மணி ஊசிக்கு முன்பும். அடுத்த வாரம் மூன்று நாள்: மத்தியானச் சாப்பாட்டில் முதல் கவளம் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து, பிறகு ராத்திரி ஊசிக்கு முன். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு, மீன் வெட்டும் கைக்குத் தொந்தரவும் குறைவு. பட்டை டப்பாவை எடுத்த உடனே மூடவேண்டும், கடற்காற்றின் ஈரம் பட்டால் பட்டை கெடும். சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, இரண்டு மணி கழித்து 180க்குள் என்பது பொதுவான இலக்கு. தாழ்வு வந்து போகிறவருக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்தி வைக்கலாம்.

எழுதும் நோட்டை அம்மாவிடமே கொடுங்கள். கூடையைக் கண்ணால் பார்த்தே எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போடுகிறவர், தன் சர்க்கரைக் கணக்கையும் போடுவார். நேரம், எண், ஊசி, என்ன சாப்பிட்டார், அவ்வளவுதான் நாலு கட்டம். எழுதத் தெரியாவிட்டால் அம்மா சொல்ல நீங்கள் எழுதுங்கள். எண் கூடியிருந்தால் ‘என்ன தின்றாய்’ என்று அதட்டாதீர்கள். அதட்டினால் அடுத்த வாரம் நல்ல எண் மட்டும்தான் நோட்டில் ஏறும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இந்த நோட்டு, குப்பி, சிரிஞ்ச், மாத்திரைப் பட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ‘இவங்க மூணு மணிக்கு எழுந்து மீன் எடுக்கப் போறவங்க, முழுச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வயிற்றுத் தடிப்பைக் காட்டுங்கள். நர்ஸ் முன்னால் அம்மாவையே ஒரு ஊசி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பேனா ஊசிக்கு மாற வழி உண்டா என்று கேளுங்கள், கடையில் வைத்துப் போட அது சுலபம். 11 வருஷச் சுகர் என்பதால் கண்ணுக்குள் மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், பாதத்தில் உணர்ச்சிப் பரிசோதனை நான்கும் இந்த வருஷம் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் கண்ணும் காலும் முதலில். புதுச்சேரி போகத் தயங்காதவர்கள் என்றால் ஜிப்மரும், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறதென்றால், ஒரு மணிக்கு மேல் வந்தால்தான் அம்மாவைப் பார்க்க முடியும் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் ஊசியை நீங்களாக முழுக்க நிறுத்திவிடாதீர்கள், உடம்பு சரியில்லாதபோது சர்க்கரை ஏறவே செய்யும். மெட்ஃபார்மினை அன்று நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம், ஊசியின் அளவும் மாறும். நாலு மணிக்கு ஒரு முறை சோதித்து, அந்த எண்ணோடு போன் செய்து கேளுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே கூட்டிப் போய்விடுங்கள்.